பிரைடில் புரதத் தரவை ஏற்றுவதும் எடுப்பதும்: கேள்வி பதில்

கேள்வி: கட்டுரை அனுப்பும் இதழ், தரவுத் தொகுப்பின் அடையாள எண்ணான பிஎக்ஸ்டி எண் கேட்கிறது. இப்போதே தரவை ஏற்றினால் வேறு யாராவது எடுத்து முந்திக்கொள்ள மாட்டார்களா?

மாட்டார்கள். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஹிங்ஸ்டனில் 2004 முதல் இயங்கும் புரதத் தரவுக் களஞ்சியமான பிரைடு, கட்டுரை வெளிவரும்வரை உங்கள் தரவைப் பூட்டியே வைத்திருக்கும். எண்ணோடு மதிப்பாய்வாளருக்கென்று தனிக் கடவுச்சொல்லும் தருவார்கள். அதை இதழுக்குக் கொடுங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி தந்த ரா ஃபைலும், அதிலிருந்து புரதங்களை அடையாளம் காணும் தேடல் மென்பொருள் தந்த முடிவும் வேண்டும். அப்புறம், எந்த ஃபைல் கட்டி, எந்த ஃபைல் பக்கத்துத் திசு, டிஎம்டி (சாம்பிள்களுக்கு வெவ்வேறு எண்ணுள்ள வேதிக் குறி ஒட்டி ஒன்றாக அளக்கும் முறை) என்றால் 126 என்ற குறியில் எந்த சாம்பிள் என்று சொல்லும் அட்டவணையையும் (எஸ்டிஆர்எஃப்) சேர்த்து ஏற்றுங்கள். ‘ஏ1’, ‘ஏ2’, ‘ஏ2_புதியது’ என்று மட்டும் பெயரிட்ட ஃபைல்களை வைத்து யாராலும் எதையும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

கேள்வி: பிரைடா, மாஸிவ்வா, ஜேபோஸ்டா?

மூன்றும் புரோட்டியோம்எக்ஸ்சேஞ்ச் என்னும் கூட்டமைப்பில் இருக்கும் களஞ்சியங்கள். ஏதாவது ஒன்றில் மட்டும் ஏற்றுங்கள்.

கேள்வி: இறக்கிய ரா ஃபைல் லினக்ஸில் திறக்கவில்லை.

தெர்மோ கருவியின் ஃபைல் என்றால் தெர்மோராஃபைல்பார்சர் என்ற மென்பொருள் போதும், எம்இசட்எம்எல் என்னும் பொது வடிவத்துக்கு மாற்றித் தரும். முதலில் ஒரே ஒரு ஃபைலை இறக்கிப் பாருங்கள். அட்டவணை இல்லாத தொகுப்பு என்றால் மற்றதை இறக்குவது வீண்.

கேள்வி: அடுத்தவர் தரவை மறுபடி அலசுவது அவர் உழைப்பைத் திருடுவதுதானே?

இல்லவே இல்லை. பிஎக்ஸ்டி000561ஐப் பாருங்கள். 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் பெங்களூரு இன்ஸ்டிட்யூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸும் சேர்ந்து நேச்சரில் வெளியிட்ட மனிதப் புரோட்டியோம் (மனித உடலின் மொத்தப் புரதங்கள்) வரைவின் தரவு அது. 17,294 ஜீன்களின் புரதங்களைக் கண்டதாகச் சொன்னார்கள். தரவு திறந்திருந்ததால் மற்றவர்கள் அலசினார்கள். மூக்குத் திசுவே இல்லாத அந்தப் பட்டியலில் வாசனை ஏற்பிகள் இருந்தன! அவற்றுக்கு ஆதாரமான நிறமாலைகளோ (கருவி பதிவு செய்த அளவீடுகள்) பலவீனமானவை.

கேள்வி: அவர்களும் ஒரு சதவீதப் பிழை வரம்பு வைத்துத்தானே வடிகட்டினார்கள்?

சிக்கலே அங்கேதான். கருவி அளப்பது பெப்டைடுகளை, அதாவது புரதத் துண்டுகளை. சரியாக அடையாளம் கண்ட பெப்டைடுகள் ஏற்கெனவே தெரிந்த புரதங்களின் மேலேயே மறுபடி மறுபடி வந்து விழும். தவறானவை சிதறி, ஒவ்வொன்றும் ஒரு புதுப் புரதத்தைக் ‘கண்டுபிடிக்கும்’. தரவைச் சேர்க்கச் சேர்க்க, பெப்டைடு அளவில் ஒரு சதவீதமாக இருக்கும் பிழை புரத அளவில் பல மடங்காகும்.

கேள்வி: அப்படியானால் அந்தத் தரவே பொய்யா?

நிறமாலைகள் அருமையானவை. சர்ச்சை எண்ணிக்கையைப் பற்றியது மட்டுமே. ரா ஃபைலைத் திறந்து வைத்தது அந்தக் குழு செய்த பெரிய உபகாரம். நீங்கள் பயன்படுத்தினால் பிஎக்ஸ்டி எண், மூலக் கட்டுரை இரண்டையும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: எண் எப்போது கிடைக்கும்?

ஏற்றியதை அவர்கள் சரிபார்த்த பிறகு. இதையே பலரும் கேட்டுவிட்டீர்கள். கட்டுரை அனுப்பும் நாளில் ஏற்றத் தொடங்காதீர்கள்.

கேள்வி: நோயாளிகளின் தரவை ஏற்றலாமா?

உங்கள் நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள். ஃபைல் பெயரில் நோயாளி பெயரோ மருத்துவமனை எண்ணோ கூடாது.

கேள்வி: எஸ்டிஆர்எஃப் நிரப்ப நேரமில்லை. பிறகு சேர்க்கலாமா?

இன்றே நிரப்புங்கள். சாம்பிளைக் கையாண்டவர் ஆய்வகத்தை விட்டுப் போன பிறகு 126இல் எது இருந்தது என்று யாரிடம் கேட்பீர்கள்?