கேள்வி – பதில்: மினிட்ஸ் எழுதியும் சண்டை ஓயவில்லையே?

கேள்வி: உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறேன். திங்கள்தோறும் நடக்கும் உற்பத்திக் கூட்டத்துக்கு மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பு) எழுதுவது என் பொறுப்பு. ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு ஆறு பக்கம் எழுதுகிறேன். ஆனாலும் அடுத்த வாரம், "நான் அப்படி ஒத்துக்கவே இல்லையே" என்கிறார்கள். எங்கே தவறு?
– ஓசூர் வாசகர்

பதில்: அந்த ஆறு பக்கத்தில்தான். பேசுவதையெல்லாம் துரத்தி எழுதும் கை, முடிவு சொல்லப்படும் நேரத்தில் இரண்டு வாக்கியம் பின்தங்கியிருக்கும். பல முடிவுகள் "சரி, பார்த்துக்கலாம்" என்பதோடு நழுவிப் போகும். அதைப் பிடிப்பதே உங்கள் வேலை.

முதல் நாளே நிகழ்ச்சி நிரலை வாங்கி, ஒவ்வொரு பொருளுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வலப்பக்கம் மூன்று கட்டம்: என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். ஒரு பொருளை விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கட்டம் காலியாக இருந்தால் தயங்காமல் நிறுத்துங்கள். "சார், இப்படி எழுதிக்கிறேன்: மூணாம் நம்பர் லேத்துக்குப் பேரிங் மாத்தணும், மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் பொறுப்பு, 14-ம் தேதிக்குள்ள. சரிங்களா?" பத்து நொடிதான் ஆகும். எல்லார் காதிலும் விழுந்த வாக்கியத்தைப் பிறகு மறுப்பது கடினம்.

பொறுப்பு என்ற இடத்தில் துறையின் பெயரை எழுதாதீர்கள்; ஓர் ஆளின் பெயர் வேண்டும். துறைக்கு என்று எழுதிய வேலையை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். 'விரைவில்' என்பது தேதி ஆகாது. எண்களைத் திருப்பிச் சொல்லிக் கேளுங்கள். மெஷின் சத்தத்தில் பிப்டீனும் பிப்டியும் ஒன்றுபோலக் கேட்கும். பாதியில் எழுந்து போனவர் போன நேரத்தையும் குறியுங்கள். அவர் இல்லாதபோது எடுத்த முடிவை அவர் தலையில் கட்டக் கூடாது.

'காரசாரமாக விவாதித்தனர்' போன்ற வருணனை வேண்டாம். முடிவுக்கான காரணம் ஒரு வரியில் போதும். ஆனால் ஒருவர் தன் மறுப்பைப் பதியச் சொன்னால், பெயரோடும் காரணத்தோடும் பதியுங்கள். மறுநாளுக்குள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் போர்டு மீட்டிங்குக்கும் (இயக்குநர் குழுக் கூட்டம்) இதே முறை சரியா?
– கோவை வாசகி

பதில்: குறிப்பெடுக்கச் சரி. ஆனால் இறுதி வடிவத்துக்குச் சட்டம் உண்டு: 2013-ம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 118-வது பிரிவு. கூட்டம் முடிந்த 30 நாட்களுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். அதற்கு முன், 15 நாட்களுக்குள் வரைவை இயக்குநர்களுக்கு அனுப்பி, கருத்துச் சொல்ல 7 நாள் தர வேண்டும் என்கிறது செயலகத் தரநிலை (Secretarial Standard), அதாவது நிறுவனக் கூட்டங்களுக்கான விதித் தொகுப்பு. நடந்ததை இறந்த காலத்தில், படர்க்கையில் எழுதுங்கள். தீர்மானம் மட்டும் நிகழ்காலத்தில், 'தீர்மானிக்கப்படுகிறது' என்று. தீர்மானத்தை ஏற்காத இயக்குநரின் பெயரும் இடம்பெற வேண்டும். பக்கங்களுக்கு வரிசை எண் இட்டு, ஒவ்வொன்றிலும் தலைவரின் சுருக்கொப்பம் (இனிஷியல்), கடைசிப் பக்கத்தில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அச்செடுத்த தாளைப் புத்தகத்தில் ஒட்டக் கூடாது. கையெழுத்தான பிறகு ஓர் எண்ணைக்கூடத் திருத்தாதீர்கள். மினிட்ஸில் மோசடியாகக் கைவைத்தால் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

கேள்வி: செல்போனில் பதிவு செய்துகொண்டு பிறகு எழுதலாமா?

பதில்: எல்லாரின் ஒப்புதலோடு, சந்தேகம் தீர்க்க மட்டும். முழுவதையும் கேட்டு எழுத உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும். முடிவு எடுத்த நேரத்தை நோட்டின் ஓரத்தில் '10.42' என்று குறித்துவைத்தால், அந்த இடத்தை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.