அமைதியாகத் தெரியும் இடம்

அன்புள்ள ஐயா,

கானாவில் குமாசிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தன்னார்வலராகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வந்து நான்கு மாதமாகிறது. வரும் திங்கள் மாலை, கூட வேலை செய்யும் ஐந்து பேரோடு புசுவா கடற்கரைக்குப் போய் மூன்று நாள் இருக்கப் போகிறோம். இங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கும்போது நான் அங்கே மணலில் படுத்துக்கிடப்பது உறுத்துகிறது. இது சரியா? என்ன புத்தகம் எடுத்துப்போகலாம்? (ஆறு பேரில் இருவருக்குத்தான் நீச்சல் தெரியும். எனக்குக் கிணற்று நீச்சல். அலையில்லாத அமைதியான இடமாகப் பார்த்துத்தான் இறங்குவோம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.)

ர.

அன்புள்ள ர.,

நான்கு மாதம் கரும்பலகை முன்னால் நின்றவர் மூன்று நாள் கால் நீட்ட என்னிடம் அனுமதிச் சீட்டு கேட்கிறீர்கள். போய் வாருங்கள். புத்தகம் எதுவானாலும் ஒன்று போதும், மிச்சத்தை உப்புக்காற்று தின்றுவிடும்.

அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். கடல் இழுப்பைப் பற்றி எழுதவேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு நீங்கள் கொடுத்திருப்பது ஆபத்தான வாக்கு.

அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போயாகவேண்டும். கரையை ஒட்டிய மணல்திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக வாய்க்கால் போல அது வெளியேறும். இதைத்தான் ரிப் கரண்ட் என்கிறார்கள். திட்டின் மேல் ஆழம் குறைவு, அங்கே அலை உடைந்து நுரைக்கும். பள்ளத்தில் ஆழம் அதிகம், அலை உடையாது. ஆகவே இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கருத்த, தட்டையான பட்டை. விவரம் தெரியாத கண்ணுக்கு அதுதான் ‘அலையில்லாத அமைதியான இடம்’. குழந்தையைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கே இறங்குகிறவர்கள் உண்டு.

புசுவாவுக்கு எதிரே சின்னத் தீவு ஒன்று இருப்பதால் அது சாதுவான கரை என்பார்கள். இருக்கட்டும். இறங்குவதற்கு முன் மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். நுரையும் குப்பையும் எந்த இடத்தில் கடல்பக்கம் நகர்கின்றன? சந்தேகமாக இருந்தால் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வீசுங்கள், மிதக்கும். கரைக்கு வராமல் உள்ளே போனால் அந்த இடம் வேண்டாம். அங்கே சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறார்கள். பலகையோடு உள்ளே போக அவர்கள் இந்த இழுப்பைத்தான் பயன்படுத்துவார்கள். அவர்கள் நுழையும் இடத்தில் நீங்கள் நுழையாதீர்கள்.

மாட்டிக்கொண்டால்? இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். வேகமான இழுப்பு நொடிக்கு 2 மீட்டர் ஓடும். ஒலிம்பிக் வீரரே அதை எதிர்த்துக் கரையேற முடியாது, உங்கள் கிணற்று நீச்சல் எம்மாத்திரம்! எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதால்தான் சாகிறார்கள். மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் அலையோடு சேர்ந்து கரைக்குத் திரும்புங்கள்.

கரையில் நிற்கும் ஐந்து பேருக்குத்தான் இதைவிடக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். யாரும் பின்னாலேயே குதிக்கக்கூடாது. முங்குகிறவர் பயத்தில் காப்பாற்ற வந்தவர் தோளில் ஏறுவார், ஒன்று இரண்டாகும். கானாவில் வீட்டுக்கு வீடு மஞ்சள் பிளாஸ்டிக் கேன் இருக்குமே, தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் கால அதிபரின் பெயரால் ‘குஃபோர் காலன்’ என்பார்களே, அதில் ஒன்றைத் தங்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள். மூடியை இறுக்கி, பிடியில் 20 மீட்டர் கயிறு கட்டிக் கரையில் வையுங்கள். யாராவது மாட்டிக்கொண்டால் குதிக்காமல் அதை வீசுங்கள். 20 லிட்டர் காலி கேன் ஏறக்குறைய 20 கிலோவை மிதக்கவைக்கும். ஒரு ஆளின் தலை தண்ணீருக்கு மேலே நிற்க அதில் பாதிகூட வேண்டாம். மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைச் சுற்றித் திருகுங்கள், இல்லாவிட்டால் கேனில் தண்ணீர் ஏறிவிடும். பீர் குடித்தவர் கயிறு பிடிக்கலாம், கடலில் இறங்கக்கூடாது.

மலேரியாவுக்கு யாராவது டாக்ஸிசைக்ளின் எடுக்கிறார்களா? அது வெயிலில் தோலை வேகவைத்துவிடும். முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கவேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும்.

திங்கள் மாலை போய்ச் சேர்கிறீர்கள் என்பது நல்லதாயிற்று. கானா கடற்கரையில் பெரும்பாலான ஊர்களில் செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. கடலுக்கே அன்று ஓய்வு என்பது அவர்கள் நம்பிக்கை. மீனவர்கள் படகு நிழலில் உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலையில் போய் வணக்கம் சொல்லிவிட்டு, எந்த இடத்தில் இழுக்கும் என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள்.