கையில் இருப்பது ஒரு ரைஸ் குக்கர்தான், ஆரோக்கியமாகச் சாப்பிட வழி உண்டா?

கேள்வி: அக்கா, நான் பினாங்கில் குளுகோர் பக்கம் நாலு பேரோடு வாடகை வீட்டில் தங்கிப் படிக்கிறேன். அடுப்பு வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு ரைஸ் குக்கரும் பொது ஃபிரிட்ஜில் ஒரு தட்டும்தான் இருக்கு. காலையில் பசியாறுவதே இல்லை, மதியம் நாசி கண்டார் (சோற்றில் பல கறிக்குழம்பு ஊற்றித் தருவது), ராத்திரி மேகி, நடுவில் இரண்டு மூன்று தே தாரிக் (கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய டீ). சாயங்காலமானால் தலை சுற்றுகிறது, படிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. இயற்கை வாழ்வுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன்: வெறும் வயிற்றில் தேன் எலுமிச்சை, பச்சையாக முளைப்பயறு, தோழி விற்கும் மூலிகை ஸ்லிம்மிங் காபி. எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

பதில்: தங்கச்சி, நீ சொன்ன அந்த மூன்றையும் அப்படியே ஓரமாக வை, குக்கரிலிருந்து ஆரம்பி. பசியாறாமல் ஓடி, மதியம் ஒரே தட்டில் இவ்வளவு சோறு, ராத்திரி உப்பும் மைதாவும் என்று போகிற உடம்புக்கு முதலில் வேண்டியது நேரத்துக்கு ஒரு சாப்பாடு. சுத்திகரிப்பு எதுவும் வேண்டாம், அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி சமையல் வந்த மாதிரி. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியிலேயே நிற்கும், தண்ணீர் வற்றியதும் அடி சூடேறி சுவிட்ச் தானாக விழுந்துவிடும். ஆக, நீ ஊற்றுகிற தண்ணீர்தான் உன் கடிகாரம், அதிகம் ஊற்றினால் அதிக நேரம் வேகும். அதனால் குக்கரோடு வந்த கப்பில் ஒரு கப் அரிசி, அரை கப் மைசூர் பருப்பு எடுத்துக் கழுவி, நாலு கப் தண்ணீர், ஒரு தக்காளி, நாலைந்து பல் பூண்டு, இஞ்சித் துண்டு, சீரகம், மஞ்சள்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போ. எண்ணெயை விட்டுவிடாதே, பருப்பு நுரைத்துப் பொங்கி மேசையெல்லாம் வழியாமல் இருக்க அது கொஞ்சம் உதவும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். சுவிட்ச் விழுந்ததும் நறுக்கிய பாயாம் கீரையோ (தண்டுக்கீரை வகை) உருவிய முருங்கைக்கீரையோ இரண்டு கைப்பிடி போட்டுக் கிளறி மூடி, பத்து நிமிஷம் அப்படியே விடு. குழைவாக, பருப்புச் சாதம் மாதிரி வரும். இரண்டு வேளைக்குத் தாராளம்.

மைசூர் பருப்பைச் சொல்லக் காரணம் இருக்கு. அது ஊறவைக்காமலே இருபது நிமிஷத்தில் வெந்துவிடும். பாசிப்பருப்பும் பரவாயில்லை. துவரம்பருப்பு இந்தக் குக்கரில் உன் பொறுமையைச் சோதிக்கும். கொண்டைக்கடலை வேண்டுமென்றால் டின்னில் வாங்கி, அந்த உப்புத் தண்ணீரைக் கொட்டி, கழுவிச் சேர்த்துக்கொள். ராஜ்மாவை மட்டும் காய்ந்ததாக வாங்கி வைத்து விளையாடாதே, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம் போல, அதில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கு, நன்றாகக் கொதித்தால்தான் போகும்.

தாளிப்பும் முடியும். காலியான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு சுவிட்சைப் போட்டால் கடுகு வெடிக்கும் அளவுக்குச் சூடாகும், கொஞ்ச நேரத்தில் சுவிட்ச் விழும், சற்று ஆறவிட்டு மறுபடி போடலாம். சிலர் குச்சி செருகி சுவிட்சை விழாமல் நிறுத்துகிறார்கள், அந்தப் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டவே வேண்டாம். கரண்டி மரத்தில் இருக்கட்டும்.

புரதம்தான் பெரும்பாலான மாணவர்கள் கோட்டை விடும் இடம். நீ 50 கிலோ எடை என்றால் நாளுக்கு 40லிருந்து 50 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம் போலத்தான் இருக்கு. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம்! நம் வீடுகளில் அதை ஏனோ ஒரு மாதிரிப் பார்க்கிறோம். துண்டு போட்டு, சோற்றுக்கு மேல் ஆவித்தட்டில் வேகவைத்து, வெங்காயம் மிளகுத்தூள் போட்டு எண்ணெயில் பிரட்டிப் பார், பிடித்துவிடும். தௌஹூ (டோஃபு), முட்டை (கழுவி அதே ஆவித்தட்டில் வைக்கலாம்), கழுவி உப்பைக் குறைத்த நெத்திலி எல்லாம் மாறி மாறி வரட்டும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேரும். பருப்பு, சீரகம், ராகி மாவெல்லாம் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் போகும்போது ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடு.

காலைக்கு அடுப்பே வேண்டாம். சிவப்பு அவலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த கச்சான் (நிலக்கடலை) சேர்த்தால் பசியாறல் முடிந்தது.

இப்போது முக்கியமான விஷயம், இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சோறு மிஞ்சியது, குக்கர் அணைந்து கிடக்கிறது, மறுநாள் காலை சூடு பண்ணிச் சாப்பிடுவது. பினாங்கு வெக்கையில் இது ஆபத்து. சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியா விடும் நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. குக்கரின் சூடு காக்கும் நிலையில் 60 டிகிரிக்கு மேல் இருந்தால் பரவாயில்லை, அணைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான டப்பாவில் பரப்பி ஃபிரிட்ஜுக்குப் போயாகணும். டப்பாவில் உன் பெயரும் தேதியும் எழுதி ஒட்டு, மூன்று நாளுக்குள் முடித்துவிடு. (பெயர் எழுதினாலும் காணாமல் போகும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.)

முளைப்பயறு நல்லதுதான், பச்சையாக வேண்டாம். முளைகட்டத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் கொண்டாட்டம். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை மூலம் பரவிய ஈ.கோலை கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆவியில் ஐந்தாறு நிமிஷம், நன்றாகச் சூடேறும்வரை வேகவைத்து எலுமிச்சை பிழிந்து சாப்பிடு. தேன் எலுமிச்சைத் தண்ணீர் பிடித்தால் குடி, தேனும் சர்க்கரைதான் என்பது நினைவிருக்கட்டும்.

அந்தக் காபி? தொடவே தொடாதே. உடல் மெலியும் என்று விற்கும் காபிகளில் சிபுட்ராமின் என்ற மருந்து ரகசியமாகக் கலந்திருப்பது திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. நம் நாட்டில் மாத்திரை, கேப்ஸ்யூல், பாரம்பரிய மருந்து எல்லாம் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணோடு வரணும். சாதாரண காபிக்கு அந்த எண் தேவையில்லை, ஆனால் காபி என்று சொல்லிக்கொண்டு மருந்து செய்கிற வேலையைச் செய்யும் என்று விற்றால் சந்தேகப்படு. தோழியிடமும் சொல், அவள் தெரியாமல்தான் விற்பாள்.

வெளியில் சாப்பிடுவதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லமாட்டேன், பினாங்கில் இருந்துகொண்டு அது நடக்கவும் நடக்காது. நாசி கண்டார் என்றால் சோறு பாதி, குவா பஞ்சிர் (குழம்பு வெள்ளமாக) வேண்டாம், குவா சிக்கிட் (குழம்பு கொஞ்சம்) என்று சொல், பொரித்த கோழிக்குப் பதில் மீன் கறி, கூடவே வெண்டைக்காயோ முட்டைக்கோஸோ. சுகாதார அமைச்சு சொல்கிற சுகு சுகு செப்பாரோ (கால், கால், பாதி) இதுதான்: தட்டில் கால்வாசி சோறு, கால்வாசி புரதம், பாதி காய்கறியும் பழமும். தே தாரிக்கில் ஊற்றுகிற கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை, அதனால் நாளுக்கு ஒன்றோடு நிறுத்து, மற்ற நேரம் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ).

கடைசியாக அந்தத் தலைசுற்றல். அதைச் சாப்பாட்டு மேல் மட்டும் பழி போட்டுவிட்டு நான் உட்கார முடியாது. உன் வயதுப் பெண்களுக்கு, அதுவும் மாதவிலக்கில் அதிகம் போகிறவர்களுக்கு, இரும்புச்சத்துக் குறைவு ரொம்பச் சாதாரணம். பல்கலைக்கழக கிளினிக்கிலோ அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானிலோ ரத்தம் பார்க்கச் சொல், அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, அப்போது என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்லட்டும், நீயாகக் கடையில் வாங்கிப் போடாதே. அதுவரை கீரையோடும் பருப்போடும் கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள், வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஏற வைக்கும். டீ அதைத் தடுக்கும், அதனால் சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடி.