கனடா ஃப்ரெண்டுக்கு மான் வேட்டை, துவக்கோட போகலாமா?

தம்பி, லீவுக்கு வந்த கனடா ஃப்ரெண்டை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகோணும், புத்தளம் பக்கம் ஒருத்தர் துவக்கோட ரெடி எண்டுறார், போகலாமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். வேண்டவே வேண்டாம். கனடாவில லைசென்ஸ், சீசன் எண்டு முறையாச் சுடலாம், இங்க இலங்கையில 1937இல வந்த வனவிலங்குச் சட்டத்தில புள்ளிமான், மரை (கடமான்) ரெண்டுக்கும் பாதுகாப்பு இருக்கு, பிடிபட்டா ஆள் ஏர்போர்ட்டுக்குப் போகாம கோர்ட்டுக்குத்தான் போவார்.

துவக்குக்குப் பதிலா கமராவைக் குடுங்கோ. வெள்ளவத்தையில நடுச்சாமம் வெளிக்கிட்டா, விடிய ஆறு மணிக்கு வில்பத்து தேசியப் பூங்காவின்ர ஹுனுவிலகம வாசலால ஜீப்பில உள்ள போகலாம். டிரைவரிட்ட மான்தான் வேணுமெண்டு முதலே சொல்லிடுங்கோ, இல்லாட்டி சிறுத்தை சிறுத்தையெண்டு பறந்துகொண்டே இருப்பார். வில்லு எண்டுற இயற்கைக் குளத்தின்ர கரையில எஞ்சினை நிப்பாட்டிட்டு மந்தி இருக்கிற மரத்தைப் பாருங்கோ, அது மேல இருந்து கொட்டுற இலை, பழம் தின்ன புள்ளிமான் கூட்டமா கீழ வரும். ஒண்டு முன்னங்காலால நிலத்தைத் தட்டி வாலை நிமிர்த்தினா சந்தேகப்பட்டுட்டுது எண்டு அர்த்தம், அப்ப மூச்சு விடாம இருங்கோ, கொஞ்சத்தில திரும்பக் குனிஞ்சு மேயும், படம் எடுக்க அதுதான் நேரம்.

மரை வேணுமெண்டா ஹோர்ட்டன் சமவெளி. வழியில ஆராவது மான் இறைச்சி இருக்கெண்டாலும் வாங்கிடாதீங்கோ, அதுவும் குற்றம்தான்.