சேலத்திலிருந்து முதல்முறை மணல்சறுக்குக்கு எங்கே போகலாம்?

ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டிப் பழகியாச்சு, அடுத்து, பலகையில் மணல்குன்றுகளிலிருந்து சறுக்கி இறங்கும் மணல்சறுக்கு என்கிறீர்கள் தம்பி. பெரு நாட்டின் வாக்கச்சினாவுக்குப் போங்கள். லிமாவுக்குத் தெற்கே சுமார் 300 கி.மீ., இக்கா நகரை ஒட்டி, மணல்குன்றுகளுக்கு நடுவே ஒரு குளம். பலகையின் அடியில் மெழுகை அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்ந்துபோனால் மணல் பிடித்து இழுக்கும், மறுபடி தேய்க்கணும். முதல் நாள் குப்புறப் படுத்தே சறுக்குங்கள், வாயை மூடிக்கொண்டு.

பெருவிலேயே நாஸ்கா ஊர்ப் பக்கத்து செர்ரோ பிளாங்கோ மணல்குன்று கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல். நம்ம ஏற்காடே சுமார் 1,500தான். நடந்துதான் ஏறணும், அதனால் அது அடுத்த பயணத்துக்கு. நமீபியாவின் ஸ்வாகோப்முண்டும் அருமை. கையில் காசு குறைவென்றால், பாலைவனம் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஜெய்சல்மேர்.