பிசிஓஎஸ் உள்ளவர்கள் கண்ணையும் கவனிக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) உண்டு. நாள் முழுக்க ஏர்கானில் கம்ப்யூட்டர் வேலை. மதியத்துக்கு மேல் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. கான்டாக்ட் லென்ஸ் போடவே முடியவில்லை. (செந்தூல், கோலாலம்பூர், வயது 27)

பதில்: ஏர்கானும் திரையும் ஒரு பக்கம், ஹார்மோன் இன்னொரு பக்கம். கண்ணீர் சட்டென்று ஆவியாகாமல் காக்கும் எண்ணெய், இமை ஓரத்துச் சுரப்பிகளில் ஊறுகிறது. ஹார்மோன் ஏறி இறங்கினால் அந்தச் சுரப்பிகளும் பாதிக்கப்படலாம். மூடிய இமைமேல் வெதுவெதுப்பான துணியை 5, 10 நிமிடம் வைத்து, ஓரத்தை மெல்ல நீவிவிடுங்கள். பிரிசர்வேட்டிவ் சேராத செயற்கைக் கண்ணீர் நல்லது. சிவப்பைப் போக்கும் சொட்டுமருந்தை மட்டும் நீங்களாக வாங்கி விடாதீர்கள். கண் தேறும்வரை லென்ஸ் வேண்டாம்.

கேள்வி: குனிந்து நிமிர்ந்தால் சில விநாடி கண் இருட்டுகிறது. காலையில் தலைவலி. பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், எடையும் ஏறிவிட்டது. கண்ணாடி மாற்றினால் சரியாகுமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, பயந்துவிடுவார். (செராஸ், வயது 24)

பதில்: தங்கச்சி, கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம். இன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடி, கண் நரம்பு வீங்கியிருக்கலாம். எடை ஏறிய இளம்பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, பிசிஓஎஸ் உள்ளவர்களிடமும் பார்க்கிறோம். டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் போன்ற பரு மருந்துகளும் இதைத் தூண்டக்கூடியவை. அதனால் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். நாடி துடிக்கிற தாளத்தில் காதுக்குள் சத்தம் கேட்டாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அதையும் சொல்லுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிகிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். பெரும்பாலும் முதலில் குறைவது பக்கப் பார்வை, போனது திரும்பாமலும் போகலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தாலும் எடைக் குறைப்பாலும் பெரும்பாலானோரின் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். அம்மாவிடம் சொல்லுங்கள், துணைக்கு வரட்டும்.

கேள்வி: சர்க்கரை நோய் இல்லை. விழித்திரைப் படம் எடுக்கணுமா? (பிரிக்பீல்ட்ஸ், வயது 35)

பதில்: இப்போதைக்கு அவசரமில்லை. பிசிஓஎஸ்ஸில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், பிறகு சர்க்கரை நோய் வந்தால்தான் விழித்திரைக்கு ஆபத்து. வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்தாமல், குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையை 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை செய்யுங்கள். நோய் உறுதியானால் உடனே படம் எடுக்க வேண்டும். அரசு கிளினிக்குகள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. கண்மணி விரியச் சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், அன்றைக்கு மோட்டார் ஓட்ட வேண்டாம்.