ராக்கெட்டைக் கீழே வையுங்கள்

அன்புள்ள அண்ணா,

லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கணினி விளையாட்டில், இருவருக்கு இருவர் மோதும் கீழ்ப்பாதையான பாட் லேனில், மினிகன்னும் ராக்கெட்டும் மாற்றி மாற்றிச் சுடும் ஜின்க்ஸ் என்ற பாத்திரத்தை ஆடுகிறேன். ராக்கெட்டை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று, மினியன் என்ற குட்டிச் சிப்பாய்களைக் கொன்று காசு சேர்த்து ஃபார்ம் பண்ணினால் ‘பயந்தாங்கொள்ளி’ என்று சொந்த டீமே திட்டுகிறது. சரியென்று இறங்கி அடித்தால் எதிரணி டிரேவன் கோடாலியால் கதையை முடித்துவிடுகிறான். ஃபார்ம் பண்ணுவதா, அக்ரெசிவாக ஆடுவதா? ஜின்க்ஸை விட்டுவிடலாமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

ஜின்க்ஸை விட வேண்டாம். திட்டுகிறவர்களை மியூட் செய்யுங்கள். அந்த இரண்டுக்கும் இவ்வளவுதான் பதில்.

‘ஃபார்மா, சண்டையா’ என்று எதிரெதிரே நிறுத்திக் கேட்டீர்களே, சில நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது அதுதான். பாட் லேனில் லெவல் 2 எப்போது வருகிறது? முதல் வேவின், அதாவது முதல் அலையாக வரும், 6 மினியன்களும் அடுத்த வேவின் முன்வரிசை 3 மினியன்களும் விழுந்ததும். அந்த ஒன்பதை முதலில் முடித்த ஜோடியிடம் ஆளுக்கு 2 திறன், எதிரே ஆளுக்கு ஒன்று. டிரேவன் உங்கள்மேல் பாய்வது அந்தச் சில விநாடிகளில்தான். நீங்கள் அதை அக்ரெசிவ் ஆட்டம் என்கிறீர்கள். அவன் உங்களைவிட வேகமாக ஃபார்ம் பண்ணியிருக்கிறான், அவ்வளவுதான். அவன் பக்கம் எட்டாவது மினியன் விழும்போதே நீங்கள் பின்வாங்கியிருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். முன்வரிசை மினியன் 21 கோல்ட், பின்வரிசை 14. பீரங்கி மினியன் இல்லாத ஒரு வேவ் 105. ஒரு கில் 300, அதாவது மூன்று வேவ்கூட இல்லை. கில் எடுத்த பரவசத்தில் அங்கேயே தளத்துக்குத் திரும்பும் ரீகாலை அழுத்தினால், உங்கள் டவரில் (பாதையைக் காக்கும் கோபுரத்தில்) வந்து மோதும் வேவ் வீணாகப் போகும். காசும் போச்சு, அனுபவமும் போச்சு. உங்கள் வேவை அவன் டவருக்குள் தள்ளிவிட்டுப் போனால் அந்த நஷ்டம் அவனுடையது. இன்னொன்று: கையில் 1,250 இருக்கும்போது வீட்டுக்கு ஓடாதீர்கள். கடையில் பி.எஃப். வாள் என்ற ஆயுதம் 1,300. மூன்று முன்வரிசை மினியன்கள் போதும், 63 கிடைக்கும்.

இனி திட்டு. ராக்கெட்டை வைத்து ஃபார்ம் பண்ணச் சொல்லி யார் சொன்னது? ஒவ்வொரு ராக்கெட்டும் திறன்களுக்குச் செலவாகும் மானாவைத் தின்கிறது. அது குறிவைத்த மினியனோடு நிற்பதுமில்லை, பக்கத்தில் நிற்பவற்றையும் சிதறடிக்கிறது. அதனால் உங்கள் மினியன்கள் மளமளவென்று முன்னேறுகின்றன, நீங்களும் பின்னாலேயே போகிறீர்கள். உங்கள் டவர் எங்கோ இருக்கிறது, மானாவும் காலி. டிரேவனுக்கு விருந்து!

வேவை நகரவிடாமல் நிறுத்திவைக்க (ஃப்ரீஸ்) வேண்டுமானால் உங்கள் டவரின் அடி எட்டும் எல்லைக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். அவன் பக்கம் பின்வரிசை மினியன்கள் மூன்று நான்கு கூடுதலாக இருக்க வேண்டும். மினிகன்னை எடுத்து, சாகப்போகும் மினியனுக்கு மட்டும் கடைசி அடி. ஒரே ஒரு ராக்கெட் போனால் ஃப்ரீஸ் உடைந்துவிடும். கூட ஆடும் சப்போர்ட் கெடுத்துவிட்டார் என்று சொல்வதற்குமுன் உங்கள் கையில் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். லெவல் 2-க்கு ஓடும்போதும், கில்லுக்குப் பிறகு வேவைத் தள்ளும்போதும் ராக்கெட்டை எடுங்கள், தாராளமாக.

வேவ் டவருக்குள் வந்துவிட்டாலும் பதற வேண்டாம். ஆரம்ப நிமிடங்களில் முன்வரிசைக்கு டவர் இரண்டு அடி, பிறகு நீங்கள் ஒன்று. பின்வரிசைக்கு நீங்கள் ஒன்று, டவர் ஒன்று, மறுபடி நீங்கள் ஒன்று.

டிரேவனைச் சுட்டால் அவன் மினியன்கள் உங்கள்மேல் திரும்பும். அதனால் அவன் வேவ் மெலிந்திருக்கும்போது சுடுங்கள், சுட்டதும் புதருக்குள் ஒதுங்குங்கள். கோடாலி விழும் இடம் தரையில் தெரியும், அவன் அங்கே வந்தாக வேண்டும். உங்கள் பொறிகளை அங்கே போடுங்கள். அவன் மினியன்களைக் கொன்றும் கோடாலிகளைப் பிடித்தும் சேர்த்துவைப்பதெல்லாம் உங்களைக் கொன்றால் கூடுதல் கோல்டாக மாறும், அவன் செத்தால் அதில் ஒரு பங்கு போய்விடும். அவனிடம் நீங்கள் சாகும் சாவு வெறும் 300 அல்ல. (டிரேவன் ஆடுகிறவர்களுக்கு இதைப் படித்தால் கோபம் வரும். வரட்டும்.)

இன்றிரவு மேட்ச் வேண்டாம். தனியாகப் பழகும் பிராக்டிஸ் டூலைத் திறந்து, எதிரி இல்லாமல் 10 நிமிடம் மினிகன் மட்டும். விட்ட மினியன்களை எண்ணி எழுதி அனுப்புங்கள்.